பயம் வந்தால் பணம் வரும்

பதின்வயதுப் பிள்ளைகளின் பாலியல் கல்விக்கு நம் அரசுகள் காசு ஒதுக்கியதே இல்லை என்று பொதுவாகச் சொல்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு பல துறைகளின் வழியாக, பல தலைப்புகளில், சில சமயம் வெளிநாட்டுக் கடனாகவும் நன்கொடையாகவும் அந்தப் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. ஜனத்தொகை பெருகுகிறதே என்ற கவலையில் ஒருமுறை வந்தது. எய்ட்ஸ் பரவுகிறதே என்ற அச்சத்தில் இன்னொரு முறை வந்தது. சிறுமிகள் கர்ப்பமாகிறார்களே என்ற பதற்றத்தில் இப்போது வேறு வடிவத்தில் வருகிறது. பயம் இருந்தவரை பணம் இருந்தது, பயம் தணிந்ததும் பணமும் வற்றிவிட்டது. வளரும் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, ஆண்டு தவறாமல் செய்யும் பள்ளிச் செலவாக அது இங்கே வேர்பிடிக்கவே இல்லை. பெரம்பலூர், அரியலூர் என்ற இரண்டு சிறிய மாவட்டங்களின் கடந்த காலத்தை வைத்துப் பார்த்தால், இந்தக் குறை பணப் பற்றாக்குறையால் வந்ததல்ல, பணம் ஒதுக்கும் முறையால் வந்தது என்பது விளங்கும்.

இரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001 ஜனவரியில் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, அடுத்த ஆண்டே மீண்டும் சேர்க்கப்பட்டது, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர், அரியலூரில் 7.55 லட்சம் பேர். அரியலூரில் நகரங்களில் வசிப்போர் 11 சதவீதம், பெரம்பலூரில் 17 சதவீதம். தமிழகத்திலேயே நகரமயம் மிகக் குறைந்த பகுதிகளில் இவை சேரும். அதே கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகளும் பெரம்பலூரில் 913 பெண் குழந்தைகளுமே இருந்தார்கள். மாநில சராசரி 943. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக் காடுகள். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும். பிழைப்புக்காக வளைகுடா, சிங்கப்பூர், திருப்பூர் என்று போகிறவர்கள் அதிகம். அப்பா வெளிநாட்டில், அம்மா நூறு நாள் வேலையில் என்று ஓடும் வீட்டில் வயதுக்கு வந்த பெண்பிள்ளை ஒரு பெரிய பொறுப்பாகிவிடுகிறாள். காலாகாலத்தில் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது கல்நெஞ்சம் அல்ல, காவலுக்கு ஆள் இல்லாத பயம்.

இந்தப் பயத்தைச் சட்டத்தால் மட்டும் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை பழையது. 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்றும் ஆணுக்கு 18 என்றும் வகுத்தது. ஆனால் போலீஸ் தானாக வழக்குப் போட முடியாது. யாராவது புகார் கொடுக்க வேண்டும், புகார் கொடுப்பவரிடம் 100 ரூபாய் வரை ஜாமீன் கேட்கவும் இடமிருந்தது. கிராமத்தில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தின் மீது அந்தக் காலத்து நூறு ரூபாயைப் பணயம் வைத்துப் புகார் கொடுக்க யார் வருவார்? சட்டம் இருந்தது, அதை எடுத்துச் சொல்லவோ நடத்தவோ ஒரு காசுகூட ஒதுக்கப்படவில்லை. அதே ஆண்டுகளில் எடுத்துச் சொல்லும் வேலையைச் செய்தது தனி இயக்கங்கள்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சொன்னது. சென்னையில் 1928-இல் நியோ மால்தூசியன் சங்கம் கருத்தடைப் பிரசாரத்தைத் தொடங்கியது. பெரியார் ‘குடி அரசு’ இதழிலும் ‘கர்ப்ப ஆட்சி’ நூலிலும், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெண்ணின் உரிமை என்று வாதிட்டார். சந்தாவிலும் மலிவு விலைப் புத்தகத்திலும் நடந்த கல்வி அது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஆண்களையே அது பெரும்பாலும் எட்டியது.

அரசு முதன்முதலாகக் காசை எடுத்தது பிள்ளைகளுக்காக அல்ல, பிள்ளை பெற்றவர்களுக்காக. குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற முதல் நாடு இந்தியா. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கு 65 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். அறுவை செய்துகொண்டவருக்குப் பணம் கொடுக்கும் முறையை 1950களின் பிற்பகுதியிலேயே தொடங்கிய முன்னோடி மெட்ராஸ் மாநிலம். 1968-இல் மூன்று நிரோத் ஆணுறைகள் 15 காசுக்குப் பெட்டிக் கடைக்கு வந்தது. குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னமான சிவப்பு முக்கோணம் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களிலும் பஸ்களின் முதுகிலும் ஏறியது. இவ்வளவும் பேசியது கல்யாணமான, இரண்டு பிள்ளை பெற்றுவிட்ட தம்பதியிடம். பதினைந்து வயதில் கழுத்தில் தாலி ஏறிப் பதினாறில் முதல் பிரசவத்துக்கு வந்த பெண்ணும் அரசின் கணக்கில் ‘தகுதியுள்ள தம்பதி’தான். முதல் குழந்தைக்கு முன்னால் அவளிடம் சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவது பிறந்த பிறகு ஆபரேஷன் தேதி மட்டும் சொல்லப்பட்டது. அந்தத் திட்டம் தன் நோக்கத்தில் தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. 1990களின் முற்பகுதியிலேயே தமிழகத்தின் கருவள விகிதம் தலைமுறையை ஈடுகட்டும் அளவுக்கு இறங்கிவிட்டது. எண்ணிக்கையைக் குறைப்பதற்கென்று வந்த பணம் எண்ணிக்கையைக் குறைத்தது. அறிவைக் கூட்டுவது அதன் வேலையாக இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் அந்தப் பணம் முதலில் நுழைந்ததும் இதே கணக்கின் பேரில்தான். ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் உதவியோடு 1980-இல் என்.சி.இ.ஆர்.டி. தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டுகளில் மாணவர் படித்தது, நிமிடத்துக்கு எத்தனை குழந்தை பிறக்கிறது, சிறு குடும்பத்துக்கும் பெரிய குடும்பத்துக்கும் சாப்பாட்டில் என்ன வித்தியாசம் என்பது போன்ற விஷயங்களை. குழந்தை எப்படி உண்டாகிறது என்பதைத் தொடாமலேயே குழந்தை அதிகம் பெறக் கூடாது என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்க முடிந்தது. 1993-இல் வளரிளம் பருவக் கல்வி பற்றிய தேசியக் கருத்தரங்கும், 1994-இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாடும் அந்தப் பார்வையை மாற்றச் சொல்லின. மாற்றம் மெல்ல வந்திருக்கலாம், ஆனால் அதற்குள் வேறொரு பயம் கதவைத் தட்டிவிட்டது.

1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். 1992-இல் உலக வங்கிக் கடனோடு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1994-இல் எய்ட்ஸ் தடுப்புக்கென்று தனிச் சங்கத்தைப் பதிவு செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு. அடுத்த ஆண்டு யு.எஸ்.எய்ட் பணத்தில் அடையாறு வி.எச்.எஸ். வழியாக ‘அபாக்’ திட்டம் வந்தது. அதன் முதல் இலக்குகளில் லாரி ஓட்டுநர்களும் அடக்கம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை குறுக்கே ஓடும் பெரம்பலூரிலும், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகள் இரவு பகலாக ஓடும் அரியலூரிலும் அதுவரை யாரும் உரக்கச் சொல்லாத சொற்கள் பேசப்பட்டன. 2000களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வி மாநிலத்தின் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டு, டீக்கடைகளில் கிண்டலாகவும் விவாதமாகவும் புழங்கியது. அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ திறந்தது. ஆணுறை என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் சொல்லும் ஓர் அரசு ஊழியர் தாலுகா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தது அதற்கு முன்பு நடக்காத காரியம்.

2005-இல் மத்திய மனிதவள அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தன. ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16 மணி நேரம், பயிற்சி பெற்ற ஆசிரியர், படவிளக்கக் கையேடு என்று முறையான ஒரு வடிவம் முதன்முறையாகக் கிடைத்தது. இரண்டே ஆண்டில் படங்களைப் பார்த்துக் கொதித்த எதிர்ப்பில் குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், கேரளம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதை நிறுத்தின. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் சேரவில்லை. வாழ்க்கைத் திறன் கல்வி என்ற பெயரில் பயிற்சிகள் நடந்தன. ஆனால் தடையால் சாகாதது வெற்றியால் செத்தது. மாநிலத்தில் கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி. தொற்று 2001-இல் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2007-இல் கால் சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய சாதனை அது. நோய் இறங்கியதும் நன்கொடையாளர் கிளம்பினர், எய்ட்ஸ் நிதி சுருங்கியது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மாறுதலிலும் ஓய்விலும் போனார்கள். வெள்ளம் வடிந்ததும் நிவாரண முகாமைக் கலைப்பது போல வகுப்பும் கலைந்தது. பதினைந்து வயது ஆவது வெள்ளம் அல்ல, அது ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகளோடு வருகிறது.

எதிர்ப்பாளர்களின் வாதம் அதிகாரபூர்வமாகப் பதிவானது 2009 ஏப்ரலில். வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இந்த விஷயங்கள் உயிரியல் பாடத்தில், அதுவும் பிளஸ் டூ நிலைக்கு முன்பாக இல்லாமல் வரட்டும் என்றது. குழந்தைத் திருமணம் சட்டவிரோதம், பெண்ணின் உடல்நலத்துக்குக் கேடு என்று மாணவருக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதே அறிக்கை சொன்னது. இந்த இரண்டு பரிந்துரைகளையும் பெரம்பலூரின் வேப்பூர் ஒன்றியத்திலோ அரியலூரின் தா.பழூர் ஒன்றியத்திலோ பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண்பாடு தெரியும். பத்தாம் வகுப்போடு நின்று கல்யாணமாகிப் போகும் பெண் பிளஸ் டூ உயிரியல் வகுப்பில் இருக்க மாட்டாள். பிளஸ் டூ வரை வந்தாலும் வணிகவியலோ தொழிற்பிரிவோ எடுத்தவர் இனப்பெருக்க நலன் பற்றிய விலங்கியல் பாடத்தைக் கண்ணால் காண மாட்டார். இன்றைய தமிழ்நாட்டுப் பாடநூல் இதில் குழுவைவிடத் துணிச்சலானது. எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஓர் அலகே இருக்கிறது. பாடநூல் அச்சிடக் காசு இருந்தது. அந்தப் பாடத்தைக் கூசாமல் நடத்த ஆசிரியரைத் தயார் செய்யத்தான் தொடர்ந்து காசு இல்லை. எனவே வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியில் அந்த அலகு பல வகுப்பறைகளில் முடிந்துபோகிறது.

பிறகு பணம் பெண்பிள்ளைகளைத் தேடி வந்தது, பேச்சாக வராமல் பொருளாக வந்தது. 1989-இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 18 வயது நிரம்பிய, படித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் தந்தது. தொகை கூடிக்கொண்டே போய் 2011-இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 5-இல் அது ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் ஆனது. கல்யாணத்துக்குக் கொடுத்த காசைப் படிப்புக்குத் திருப்பிய நல்ல முடிவு அது. 2011-இல் அறிவிக்கப்பட்ட ‘புதுயுகம்’ திட்டத்தில் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாக நாப்கின் கிடைத்தது. வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை வந்தது. 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 10 முதல் 19 வயது வரை ஆண், பெண் இருவரையும் கணக்கில் எடுத்து, ஊருக்கு ஊர் சக வயது வழிகாட்டிகள் வேண்டும் என்றது. காகிதத்தில் இது நல்ல திட்டம். தேசிய நலவாழ்வு இயக்கத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதத்தில் பணம் வருகிறது. ஆனால் சுகாதாரத் துறையின் பணத்தில் எளிதாகக் கணக்குக் காட்ட முடிவது மாத்திரையும் நாப்கினும்தான். எத்தனை பாக்கெட் கொடுத்தோம் என்று எழுதலாம். எத்தனை பிள்ளைக்கு விளங்கியது என்று எழுத ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை. நாப்கின் வாங்கும் பிள்ளைக்கு மாதவிடாய் ஏன் வருகிறது என்று சொல்வதற்கு ஒரு மணி நேரத்தை யாரும் ஒதுக்குவதில்லை. பக்கத்து பெஞ்சில் இருக்கும் பையனுக்கோ நாப்கினும் இல்லை, பாடமும் இல்லை.

இப்போதைய பயம் போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம். 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் உடலுறவுக்கு இசைவு தரும் வயதை 16-லிருந்து 18-ஆக உயர்த்தியது, விஷயம் தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பதையும் குற்றமாக்கியது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 18 வயது நிரம்பாத மனைவியோடு கொள்ளும் உறவும் வல்லுறவே என்றது. இன்று பெரம்பலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ ஒரு பதினேழு வயதுப் பெண் கர்ப்பப் பதிவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் நடப்பது ஒழுங்கான வரிசை. ஆதாரில் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள், ‘பிக்மி’ என்ற கர்ப்பிணிகளின் இணையப் பதிவுக்கு முன்பே தகவல் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும். வழக்கு, மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், மகளிர் நீதிமன்றம். பையனுக்கு 18 நிறையவில்லை என்றால் கூர்நோக்கு இல்லம், நிறைந்திருந்தால் சிறை. உண்மையான கொடுமைக்கு ஆளான சிறுமிக்கு இந்தச் சட்டம் பெரிய காவல், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பிள்ளைகளையும் பெரியவர்கள் நிச்சயித்த கல்யாணத்தையும் அதே வரிசைதான் விழுங்குகிறது. இந்தச் சிக்கலைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-லும் 2021-லும் தன் தீர்ப்புகளில் வெளிப்படையாகவே பேசியது. போலீஸ், வக்கீல், நீதிமன்றம், இல்லம், இழப்பீடு எல்லாம் அரசுப் பணம். பாலியல் கல்விக்குச் செலவு செய்யலாமா என்று கேட்பவர்கள் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள். நடந்த பிறகு கொடுக்கும் கட்டணத்தை யாரும் எதிர்த்து மறியல் செய்வதில்லை.

பாலியல் கல்விக்கு எதிரான முதல் ஆட்சேபம், இது நம் பண்பாட்டுக்கு ஆகாது, வீட்டில் சொல்ல வேண்டியதைப் பள்ளியில் சொல்வதா என்பது. வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்கலாம். பெண் வயதுக்கு வந்தால் தனியே உட்காரவைத்து, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்து, தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளைத் தாரை தப்பட்டையோடு கொண்டுவந்து, மண்டபம் பிடித்து, மொய் நோட்டுப் போட்டு, முக்கூட்டு ரோட்டில் அவள் முகத்தோடு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். ஒரு சிறுமியின் உடம்பில் நடந்த மாற்றத்தை ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவிக்கும் பண்பாடு கூச்சப்படும் பண்பாடு அல்ல. அந்த விழாவுக்கு ஆகும் லட்ச ரூபாயில், அவளுக்கு என்ன நடந்தது என்று விளக்க ஐந்து நிமிடம் செலவாகிறதா? பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. பையன்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குச் சடங்கும் கிடையாது. அவர்களுடைய ஆசான் முன்பு லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் ஆண்மைக் குறைவு வைத்தியரின் சுவரொட்டி, இப்போது கைபேசி. அரசு பேசாத இடத்தில் மௌனம் நிலவுவதில்லை, அங்கே வியாபாரம் பேசுகிறது.

வீட்டுப் பொறுப்பு என்ற வாதத்துக்குள் இங்கே இன்னொரு பயமும் ஒளிந்திருக்கிறது. 2012 நவம்பரில் சாதி தாண்டிய ஒரு கல்யாணத்தை ஒட்டித் தருமபுரி நாயக்கன்கொட்டாயில் வெடித்த வன்முறைக்குப் பிறகு ‘நாடகக் காதல்’ என்ற பேச்சு வட மாவட்டங்களிலிருந்து காவிரிக் கரை வரை மேடைகளில் பரவியது. பெண் வேறு சாதிப் பையனோடு பேசிவிடுவாளோ என்ற அச்சமே பல வீடுகளில் படிப்பை நிறுத்திக் கல்யாணத்தை அவசரப்படுத்துகிறது. பாலியல் கல்வி காதலைத் தூண்டும் என்று சொல்பவர்களில் பலர் அஞ்சுவது உடலுறவை அல்ல, சாதி தாண்டிய தேர்வை. அந்த அச்சத்துக்குப் பள்ளிப் பாடம் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. ஆனால் அந்த அச்சத்துக்காகப் பதினாறு வயது உடம்பைப் பிரசவத்துக்கு அனுப்புவதால் என்ன விளைகிறது என்பதை மருத்துவமாகவும் சட்டமாகவும் சொல்ல அரசுக்குக் கடமை உண்டு.

இரண்டாவது ஆட்சேபம், சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள் என்பது. இதைச் சோதித்துப் பார்த்த நாடுகள் உண்டு. அமெரிக்கா 1996 சட்டத்தின் கீழ், கல்யாணம் வரை விலகியிரு என்று மட்டும் போதிக்கும் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த நாடாளுமன்றமே கேட்டு 2007-இல் வெளியான மதிப்பீடு, அந்த வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் நடத்தையில் வித்தியாசம் இல்லை என்றது. இங்கிலாந்து 1999-இல் எதிர்த் திசையில் போய், உள்ளாட்சிகளுக்குப் பணம் கொடுத்துப் பள்ளிக் கல்வியையும் இளையோர் மருத்துவ ஆலோசனையையும் இணைத்தது. 18 வயதுக்குட்பட்ட பெண்கள் கருவுறும் விகிதம் ஆயிரத்துக்கு சுமார் 47-ஆக இருந்தது, இருபது ஆண்டுகளில் 17 அளவுக்கு இறங்கியது. அதற்குக் கல்வி மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் கற்பித்ததால் பெருகியது என்று சொல்ல யாராலும் முடியாது. யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியும் உலக ஆய்வுகளைத் தொகுத்து, முறையான பாலியல் கல்வி உடலுறவைத் துரிதப்படுத்துவதில்லை என்றே சொல்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் வலுவானது. தமிழ்நாட்டில் பெண்ணின் திருமண வயதை உயர்த்தியது சைக்கிளும் சத்துணவும் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியும்தான், பாலியல் கல்வி அல்ல, அந்தப் பணத்தையும் பள்ளிக்கே கொடுங்கள் என்கிறது அது. பாதி உண்மை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18-க்கு முன் கல்யாணமானவர்கள் 12.8 சதவீதம். முந்தைய ஆய்வைவிட இது குறைவு. ஆனால் அதே ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் தாயானவர்களோ கர்ப்பமாக இருந்தவர்களோ 6.3 சதவீதம், முந்தைய ஆய்வில் இது 5 சதவீதம். குழந்தைத் திருமணம் குறைந்தும் பதின்வயதுக் கர்ப்பம் குறையவில்லை என்றால், பள்ளியில் இருக்கவைப்பது மட்டும் போதவில்லை என்று அர்த்தம். பெரம்பலூரில் 2010களின் முற்பாதியில் ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது குழந்தைத் திருமணத் தடுப்பை நிர்வாகத்தின் முக்கிய வேலையாக எடுத்ததும், அரசுப் பள்ளி மாணவருக்கு ‘சூப்பர் 30’ பயிற்சி நடத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். ஓர் அதிகாரியின் அக்கறை எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதிகாரிக்கு மாறுதல் உண்டு. அவர் போனாலும் நிற்பது பட்ஜெட்டில் எழுதிய வரிதான்.

ஆசிரியர்கள் நடத்த மாட்டார்கள், பணம் வீண் என்பது கடைசி ஆட்சேபம். பயிற்சியும் ஆதரவும் இல்லாமல் நடத்தச் சொன்னால் நடத்த மாட்டார்கள்தான். ஜார்க்கண்ட் 2006 முதல் இதே வளரிளம் பருவக் கல்வியைக் கல்வித் துறையின் சொந்தப் பொறுப்பாக்கி, பெயரை மாற்றி, ஆசிரியர் பயிற்சியைத் தொடர்ந்து நடத்தியது. நம்மைவிட வசதி குறைந்த மாநிலம் அது. இங்கே பெரம்பலூரில் நான்கு ஒன்றியங்கள், அரியலூரில் ஆறு. ஒன்றியத்துக்கு ஒருவர் என்று பத்து முழுநேர ஆலோசகர்கள் போதும். எட்டு முதல் பன்னிரண்டு வரை எல்லாப் பிரிவு மாணவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஆண்டுக்கு 16 மணி நேரம். அறிவியல் ஆசிரியருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி. 1098, 14417 என்ற உதவி எண்களைப் புத்தகத்தில் அச்சடித்தால் போதாது, அந்த எண்ணுக்கு எப்போது, எதைச் சொல்லிப் பேச வேண்டும் என்று தெரிய வேண்டும். கெட்ட தொடுதலைப் பற்றிச் சொல்லித் தராத பிள்ளைக்கு எண் மட்டும் எதற்கு?

இதற்குப் பணம் எங்கே என்ற கேள்விக்கு அரியலூர் மண்ணிலேயே பதில் இருக்கிறது. 2015 சட்டத் திருத்தத்தின்படி சுரங்கக் குத்தகைதாரர்கள் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் பங்கு செலுத்துகிறார்கள். டான்செம், டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக் என்று ஆலைகள் தோண்டும் ஒவ்வொரு டன் சுண்ணாம்புக்கல்லுக்கும் அதில் கணக்கு உண்டு. அந்த நிதியில் பெரும்பங்கைக் குடிநீர், மருத்துவம், கல்வி, பெண்கள் குழந்தைகள் நலம் ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. சாலைக்கும் கட்டடத்துக்கும் எளிதில் போகும் அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி பத்து ஆலோசகர்களின் சம்பளத்துக்குப் போதும். சிறு கனிமங்களுக்கும் இதே ஏற்பாடு இருப்பதால் கல்குவாரிகள் உள்ள பெரம்பலூருக்கும் வழி இல்லாமல் இல்லை. அது தொடக்கம் மட்டுமே. நிரந்தரப் பொறுப்பு பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கையில், நோயின் பெயரோ குற்றத்தின் பெயரோ ஒட்டாமல், தனி வரியாக வர வேண்டும். அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது, அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு கூடுகிறது. எட்டாம் வகுப்பில் அந்த அலகை நடத்தினீர்களா, நடத்த யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், அதற்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்ற மூன்று கேள்விகளை அங்கே எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.